கண்ணைக் கட்டிச் சொன்ன வாய்ப்பாடு

கமலாக்ஷி கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தது 1969-ல். கணவர் ராமபத்ரன் மிளகுக் கிடங்கில் எழுத்தர். அங்கே செர்ளாய்ப் பகுதியில் ஓட்டு வீடு. கீழே இரண்டு அறைகள், மேலே பலகைத் தரை போட்ட மாடியறை. அந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் ராமபத்ரனின் அண்ணா வெங்கிடராமன். சிறுவயதில் திருப்பூணித்துறையில் ஏழு வருஷம் வேதம் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தடவை காதில் விழுந்ததை அவர் மறப்பதில்லை என்று தெருவில் பெயர்.

1971 ஆகஸ்டில் பிறந்த நீலாம்பாளுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. விஜயதசமியன்று பொன்மோதிரத்தால் நாக்கில் எழுதிப் பார்த்தார்கள். பலனில்லை. 1976 தைப் பிறப்பிலிருந்து வெங்கிடராமன் ஒரு முறை வகுத்தார். காலை ஐந்து மணிக்குத் தலையில் பச்சைத் தண்ணீர். பிறகு பிரம்மிச் சாறு ஒரு கரண்டி, நாக்கில் உரைத்த வசம்பு, ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் பருப்பு ஐந்து. குழந்தை பிரம்மியைத் துப்பினால் மூக்கைப் பிடித்து மறுபடி ஊற்ற வேண்டும். பிடிக்கிறவள் கமலாக்ஷி.

அவளுக்கென்றும் ஒரு வழி இருந்தது. அதை முறை என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையை எதிரே உட்காரவைத்து, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக வைத்து எண்ணுவாள். கத்தரிக்காயைக் கையில் கொடுத்துப் பெயர் சொல்வாள். எண்ணெய் தேய்க்கும்போது மூக்கு, கை, கால் என்று தொட்டுச் சொல்வாள். நீலா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வருஷக் கடைசிக்குள் நாற்பத்தொரு சொற்கள் வந்தன. தெளிவில்லைதான், ஆனாலும் பத்து வரை எண்களும் அதில் அடக்கம்.

புகழ் பிரம்மிக்குப் போனது. ஆனால் குழந்தை வாயைப் பார்த்துச் சொல்வது வெங்கிடராமனுக்குப் பிடிக்கவில்லை.

"மூஞ்சியைப் பாத்துப் படிக்கறது கொரங்கு வித்தையாக்கும். நாங்க வேதம் படிச்சது காதாலே. கண்ணைக் கட்டு. நீ பின்னாடி இருந்து சொல்லு" என்றார்.

1977 ஜனவரி மூன்றாம் தேதி முதல் பாடம் மாடிக்குப் போனது. நீலாவின் கண்ணில் ஈரிழைத் துண்டு. முதுகுக்குப் பின்னால் கமலாக்ஷி வாய்ப்பாடு சொல்வாள், எதிரே வெங்கிடராமன். தப்புக்கு ஒரு குட்டு. பேசாமலிருந்தால் இரண்டு. ஒரு மாதத்தில் நாற்பத்தொரு சொற்களும் நின்றுபோயின. காது மந்தமோ என்று ராமபத்ரன் ஒரு தடவை கேட்டார். அண்ணா குதிகாலால் மாடியின் பலகைத் தரையை ஓங்கி மிதித்தார். நீலா சட்டென்று திரும்பினாள்.

"கேக்காமலா திரும்பறா? திமிரு" என்றார்.

மார்ச் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. அண்ணா கோயிலுக்குப் போயிருந்தார். கீழே சமையலறை பெஞ்சில் நீலா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கமலாக்ஷியின் கையிலிருந்து பித்தளைக் குடம் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அடுத்த வீட்டிலிருந்து என்னவென்று கேட்டார்கள். நீலா திரும்பவில்லை. கமலாக்ஷி குடத்தை எடுத்து, வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை போட்டாள். குழந்தை பாதாம் தோலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது.

பலகை அதிர்ந்தால் உடம்புக்குத் தெரியும். காதுக்கு ஒன்றும் தெரியாது. குட்டியதெல்லாம் செவிட்டுக் குழந்தையை.

ராமபத்ரனிடம் சொன்னாள். அவருடைய தங்கை ஸ்வர்ணலதாவைப் பெண் பார்க்க ஆலுவாவிலிருந்து அந்த மாதம் இருபதாம் தேதி வருவதாக இருந்தார்கள்.

"செவிடுன்னு தெரிஞ்சா அவா வாசப்படி ஏற மாட்டா. ஸ்வர்ணம் கல்யாணம் ஆகட்டும். அதுவரை ஒண்ணும் பறையாதே. அண்ணாகிட்டயும்."

கமலாக்ஷி ஒப்புக்கொண்டாள். பாடத்தை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் பாடம் நடந்தது. குட்டைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். நீலாவின் உள்ளங்கைகளைப் பலகையில் ஊன்றவைத்தாள். "ரெண்டு நாலு?" என்று அண்ணா கேட்டால், பின்னாலிருந்து, புடவை மறைவில், ஓசை எழாமல் கால் பெருவிரலால் எட்டுத் தடவை அழுத்தித் தட்டுவாள். குழந்தை "எட்டு" என்று குழறும். மே மாதத்துக்குள் மூன்றாம் வாய்ப்பாடு வரை வந்தது. பத்தைத் தாண்டிய விடைகளுக்கு மட்டும் குட்டு விழுந்தது.

கண்ணைக் கட்டினால் மூளை திறக்கும் என்று தெருவில் பரவியது. ஆறு வீடுகள் குழந்தைகளை அனுப்பின. வெங்கிடராமன் நீலாவை முன்னால் உட்காரவைத்துக் காட்டினார். ஆலுவாக்காரர்கள் கல்யாணம் பேசி முடிக்க வந்தபோதும் காட்டினார், அவர்கள் மெச்சினார்கள்.

செப்டம்பர் நாலாம் தேதி கல்யாணம் முடிந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்றாள் கமலாக்ஷி. புது மாப்பிள்ளை வீடு, தீபாவளி போகட்டும் என்றார் ராமபத்ரன். தீபாவளிக்குள் ஸ்வர்ணம் உண்டாகியிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார் காதில் இது விழ வேண்டாம் என்றார். கமலாக்ஷி மறுபடி தலையாட்டினாள். தட்டுவதில் அவளுடைய பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது.

1978 ஜூனில் நீலாவைப் பள்ளியில் சேர்த்தார்கள். வகுப்பில் சிமெண்டுத் தரை. டீச்சருக்குக் கால்மணி நேரம் போதுமாயிருந்தது.

"இக் குட்டிக்கு செவி கேக்கில்ல. வீட்டில் ஆரும் அறிஞ்ஞில்லே?" என்றாள்.

யாருக்கும் தெரியாது என்றாள் கமலாக்ஷி.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சோதித்தார். வலது காது அடியோடு கேட்காது, இடதில் பேருக்குக் கொஞ்சம். வாயைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த குழந்தை ஏன் நிறுத்தியது என்று கேட்டார். எதிரே உட்கார்ந்து விடாமல் பேசியிருந்தால் இந்நேரம் வாக்கியமே வந்திருக்கும், இனிமேல் கடினம் என்றார். கடினமாகத்தான் இருந்தது. விடுதியுள்ள பள்ளியில் சேர்த்தார்கள். நீலா உதட்டைப் படிக்கக் கற்றாள், மலையாளம் எழுதக் கற்றாள். வாய் மட்டும் திறக்கவில்லை. வெங்கிடராமன் பள்ளிக்கூடக் கூச்சல்தான் காதைக் கெடுத்தது என்று சொல்லிக்கொண்டு 1984-ல் இறந்தார்.

1987 மே, விடுமுறை. ஸ்வர்ணலதா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். சமையலறையில் பலா வறுத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வயது நீலா பெஞ்சில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்தாள். அவள் இருப்பதற்காக யாரும் பேச்சை அடக்குவதில்லை.

"மன்னி மாதிரி யார் இருப்பா?" என்றாள் ஸ்வர்ணம், உறவுக்காரி ஒருத்தியிடம். "இதுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சும் எனக்காக ஒண்ணேகால் வருஷம் வாயைத் தெறக்கலை. ராமபத்ரண்ணா பின்னாலே சொன்னான்."

நீலாவின் கண் ஸ்வர்ணத்தின் உதட்டில் இருந்தது. கையிலிருந்த கொட்டையை வைத்தாள். பழைய காலண்டர் தாளின் பின்புறம் மலையாளத்தில் எழுதி அம்மாவிடம் நீட்டினாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த கமலாக்ஷி அதை இரண்டு தடவை வாசித்தாள்.

பிறகு அடுப்பை விட்டு வந்து, மகளின் எதிரே, முகத்துக்கு நேராகக் குந்தினாள். உதட்டை நிதானமாக அசைத்துச் சொல்லத் தொடங்கினாள்.

நீலா இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிப் பெஞ்சின்மேல் மடித்து வைத்துக்கொண்டாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.