மூடியைத் திறந்த பதினோரு தடவை

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நான்கு நிமிடம். வெயில் ஏறிவிட்டது, காற்று இல்லை. மின்விசிறி நின்றது. பராமரிப்புப் பணிக்காக மாலை ஐந்து வரை வண்டியூரில் மின்சாரம் இருக்காது என்று முந்தின நாளே பேப்பரில் படித்திருந்தேன்.

கூடத்து மூலையில் இருந்த டீப் ஃப்ரீசருக்குள் அறுபது கவர் பூண்டு உறைந்து கிடந்தது. கவருக்கு ஒரு கிலோ. கிலோ இருநூறுக்கு விற்றபோதே மருமகள் வாங்கி, ஆள் வைத்து உரித்து, உறைய வைத்தது. ஆவணி பிறந்து கல்யாணங்கள் தொடங்கினால் விலை ஏறும் என்றாள். ஏறியது. அன்று கடைவீதியில் கிலோ முந்நூற்று எண்பது. மறுநாள் கல்யாணத்துக்குச் சமைக்கும் ஒப்பந்தக்காரர் நாற்பது கவர் கேட்டிருந்தார். மாலை ஆறு மணிக்கு வருவார். சரக்கு பிடித்துவிட்டால் தை வரை எங்களிடமே வாங்குவதாகப் பேச்சு. அதுவரை மருமகளுக்குக் கிடைத்தவை எல்லாம் நாலு கிலோ, ஐந்து கிலோ வாங்கும் பரோட்டாக் கடைகள்தான்.

"மூடிய மட்டும் தெறந்துறாதீங்க மாமா. மூடியே கெடந்தா நாளைக்கு வரைக்கும் தாங்கும்."

"எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு." உரிக்கும் பெண்களுக்குக் கூலி கொடுக்க மேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

ஒன்பது ஐம்பது வரை பொறுத்தேன். தெர்மாமீட்டர் ஃப்ரீசருக்குள் இருந்தது. மூடியைத் திறக்காமல் அதைப் பார்க்க வழியில்லை. மைனஸ் பதினெட்டு. நோட்டில் எழுதினேன். பத்து இருபதுக்கு மைனஸ் பதினேழு. பதினொன்றரைக்கு மைனஸ் பதினைந்து. அதன்பிறகு கால் மணிக்கு ஒருமுறை பார்த்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் வெப்பம் பாடம் நடத்தியவன். நான் திறப்பதால்தான் குளிர் போகிறது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றே காலுக்கு மைனஸ் ஒன்பது. ஆட்டோ பிடித்து மீன் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு ஐஸ் பார் வாங்கி வந்தேன். இடம் வேண்டுமே என்று மேலே இருந்த கவர்களைத் தரையில் எடுத்து வைத்தேன். இருபத்தெட்டு. ஐஸை உடைத்து, சாக்கில் சுற்றி, உள்ளே இறக்கி, அதன் மேல் கவர்களைத் திரும்ப அடுக்கினேன். மறுபடி எண்ணியபோது மொத்தம் ஐம்பத்தொன்பது வந்தது. முதலிலிருந்து எண்ணினேன். அறுபது சரியாக வந்து மூடியைச் சாத்தும்போது ஒரு மணி நேரம் போயிருந்தது. கையில் பூண்டு வாசம் அடித்தது. உறைந்த பூண்டு வாசம் அடிக்காது.

மருமகள் வந்து பத்து நிமிடத்தில் ஒப்பந்தக்காரரும் வந்துவிட்டார். மேல் கவர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பூண்டு கேட்டா சட்னி குடுக்கிற?"

அவள் குனிந்து ஐஸுக்குக் கீழே கையை விட்டாள். "அடியில கல்லு மாதிரி இருக்குண்ணே. முப்பத்திரெண்டு தேறும். மிச்சம் எட்டுக்குப் பச்சப் பூண்டு உரிச்சு ஒம்பது மணிக்குள்ள தாரேன்."

"அது வெல ஜாஸ்தியால்ல இருக்கு?"

"பேசுன வெலதாண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். "சார் ஏன் இம்புட்டு வேர்த்துப் போய் நிக்கிறாரு?"

"கரண்டு இல்லேல்ல," என்றாள் மருமகள். கரண்ட் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் போனதும் கேட்டாள்: "எம்புட்டு தடவ மாமா?"

நோட்டைக் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்தாள். பதினோரு தடவை.

"நேரமெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க," என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூண்டு வாங்கப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இருவரும் உட்கார்ந்து உரித்தோம். என் விரல் நுனிகள் எரிந்தன. ஒன்பது மணிக்கு நாற்பதையும் எண்ணி வாங்கிக்கொண்ட ஒப்பந்தக்காரர், "அடுத்த முகூர்த்தத்துக்கு அறுபது வேணும். கரண்டு இருக்கான்னு முன்னாடியே பாத்துச் சொல்லு தங்கச்சி," என்றார். அவள் சரி என்றாள்.

இளகிய இருபத்தெட்டையும் பரோட்டாக் கடைகள் கவருக்கு நூறு ரூபாய் குறைத்து எடுத்துக்கொண்டன. அந்த இரண்டாயிரத்து எண்ணூறை என் பென்ஷனிலிருந்து மருமகளிடம் கொடுத்தேன். உரித்தால் எட்டு கிலோ தேறும் பச்சைப் பூண்டு பத்து கிலோ மூவாயிரத்து எண்ணூறு, ஐஸ் இருநூற்று நாற்பது, ஆட்டோ நூற்று எண்பது. பதினோரு தடவைக்கு என் செலவு மொத்தம் ஏழாயிரத்து இருபது ரூபாய்.