மரத்தின் சுற்றளவு

டீசலும் ஈரச்சாக்கும் கலந்த வாசனையோடுதான் அந்தப் பட்டைகள் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் வந்தன. கேம்ப் கடைத்தெருவில் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையிலிருந்து, இரண்டு மரங்களுக்கிடையே கட்டிப் படுத்துக்கொள்ளும் பச்சைத்துணி ஊஞ்சலையும், அதைக் கட்ட, லாரியில் சுமை இறுக்கும் நாடாப் பட்டைகள் இரண்டையும் அப்பா வாங்கி வந்திருந்தார். அந்த ஊர் மராத்திப் பேச்சு ஒட்டிக்கொண்டு, ஊஞ்சலை "ஜூலா" என்றும் பட்டையை "பட்டா" என்றும் சொல்வோம்.

எல்லாம் அம்மாவுக்காக. முந்தைய வருடம் வயிற்றில் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. இப்போது மறுபடியும் ஆறு மாதம். பயத்தில் வாசற்படியைக்கூடத் தாண்டாமல் இருந்தவளை ஏரிக்கரை மாமரத்தடியில் இரண்டு நாள் படுக்கவைத்தால் முகம் தெளியும் என்று அப்பா நம்பினார். தரையில் படுத்தால் இடுப்பு வலிக்கும் என்பதால்தான் ஜூலா.

அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். அளவு ஒரு நூல் பிசகினாலும் தூக்கம் வராது. முன்கூட்டியே ஒருநாள் தனியாகப் போய் இரண்டு மாமரங்களுக்கு இடையே டேப் பிடித்து அளந்து, ஜூலாவின் நீளத்தைக் கழித்து, தொய்வுக்கும் முடிச்சுக்கும் கொஞ்சம் சேர்த்து, பட்டாவை வெட்டி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமா ஜோஷி காகாவின் வேனில் கூடாரமும் ஸ்டவ்வுமாகப் போய் இறங்கிக் கட்டத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, தொய்வுக்கென்று விட்டிருந்ததை எல்லாம் பருத்த அடிமரம் விழுங்கிவிட்டது என்று. அப்பாவும் காகாவும் மூச்சுப்பிடித்து இழுத்து எப்படியோ முடிச்சுப் போட்டார்கள்.

அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். "இன்னாங்க இது, துணி காயப்போட்ற கொடியாட்டம் விறைப்பா இருக்குது? நான் ஏறமாட்டேன்."

"லாரிச் சுமைய தாங்குற பட்டா இது. நான் ஏறிக் காட்றேன் பாரு," என்று அப்பா ரோஷத்தோடு ஏறி மல்லாந்து படுத்தார். பட்டென்று ஒரு சத்தம். பட்டா அறுந்து, முதுகு தரையில் மோத விழுந்தவர் அப்படியே அசையாமல் கிடந்தார்.

"லாக்லா கா? அடி பட்டுச்சா?" என்று காகா பதற, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எனக்கு யாருக்காக அழுவதென்றே தெரியவில்லை.

அப்பா மெல்லக் கண் திறந்து மாமரத்தைப் பார்த்தார். "மரத்தோட சுத்தளவ உட்டுட்டேன்டி."

அம்மா சிரித்தாள். ஒரு வருடமாக நாங்கள் கேட்காத சிரிப்பு. நிறுத்த முடியாமல் மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். தான் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் அதே சிரிப்பு அழுகையாக மாறி, மறுபடியும் சிரிப்பானது.

பிறகு வேனை இழுக்க வைத்திருந்த தடித்த கயிற்றை இரண்டாக வெட்டி, இரண்டு மரத்திலும் சுற்றி, மீந்ததில் ஜூலாவைத் தூளிபோல நன்றாகத் தொய்யவிட்டுக் கட்டினார்கள். காகாவும் அப்பாவும் மாறிமாறி ஏறிச் சோதித்த பிறகே அம்மா படுத்தாள். வெயில் மலைப்பக்கம் சாயும்வரை தூங்கினாள். விழித்ததும் என் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "உதைக்கிறான் பாரு," என்றாள். பங்குனியில் முரளி நல்லபடியாகப் பிறந்தான்.

போன மாதம் முரளி எங்களை எல்லாம் அதே ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான். அங்கே இப்போது ரிசார்ட். அந்த மாமரங்கள் இல்லை. ஒரே இடைவெளியில் நட்ட இரும்புக் கம்பங்களில் ஊஞ்சல்கள் கட்டியே இருக்கின்றன, யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை. நாங்கள் பெட்டிகளை இறக்குவதற்குள் அம்மா முதல் ஆளாகப் போய் ஒன்றில் ஏறிப் படுத்துக்கொண்டாள். கயிற்றை இழுத்துப் பார்க்கக்கூட இல்லை.