ஹெலன் டீச்சர் வீட்டு ஒன்பதாம் நம்பர் செருப்பு

தொண்ணூற்றேழு ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு சாலமோன் குடும்பம் சதுரங்கப்பட்டினத்தைக் காலி செய்துகொண்டு படூருக்குப் புறப்பட்டது. டெம்போவில் பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே தன் கட்டிலும் ஏறியிருப்பதை அவன் அக்கா ஹெலன் டீச்சர் அப்போதுதான் பார்த்தாள்.

“அத்த எறக்கு.”

“யக்கா, நாப்பத்தாறு வயசுல தனியா இருந்துகினு இன்னா பண்ணப் போற?”

“காலு நீட்டித் தூங்கப் போறேன்.”

அவள் பாலர் பள்ளி டீச்சர். கல்யாணம் தட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தட்டிப்போகவும் வரன் இல்லாமல் போனது. பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளின் மூக்கு, வீட்டில் தம்பி பிள்ளைகளின் மூக்கு என்று துடைத்தே வருடங்கள் ஓடிவிட்டன. சாலமோன் கட்டிலை இறக்கினான். ஆனால் நிபந்தனை போட்டான்: ஊரில் ஒரு பேச்சு கிளம்பினாலும் மறுநாளே படூர். போகும்போது தன் பழைய செருப்பை வாசலில் கழற்றிவிட்டான்.

“ஆம்பள செருப்பு கெடந்தா திருடன் வர மாட்டான்.”

அதில் ஒன்றை இரண்டாம் நாளே நாய் கவ்விக்கொண்டு போயிற்று. டீச்சர் செங்கல்பட்டுக்குப் போய் ஒன்பதாம் நம்பரில் தோல் செருப்பு வாங்கி வந்தாள். வாசலில் வைத்துப் பார்த்தால் கடையில் இருந்த அதே பளபளப்பு. எந்தத் திருடன் நம்புவான்? கொஞ்சம் தேய வேண்டாமா? தினமும் பொழுது சாய்ந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து, தன் சின்னப் பாதங்களை அதில் நுழைத்துக்கொண்டு, கடற்கரைவரை தொளக் தொளக் என்று நடந்துவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா விடிந்து பார்த்தால் மணலில் ஆம்பளைத் தடம். கொல்லைக் கதவுவரை வருவதும் இருந்தது, போவதும் இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு நடையைக் கட்டினாள்.

“தம்பி, யாரோ கீறான்பா. மழ வந்தா செருப்பு உள்ள போவுது, வெயிலடிச்சா வெளிய வருது. ஆளு நல்ல ஒசரம் போலகீது.”

சாலமோன் அன்றைக்கே டெம்போவோடு வந்து இறங்கினான். வாசலில் தனதல்லாத தோல் செருப்பைப் பார்த்தவன், நேரே உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தான். அலமாரியைத் திறந்தான். பாத்ரூம் கதவைத் தட்டினான்.

“யாரத் தேடற?”

“செருப்புக்காரன.”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு சுற்று நடந்து காட்டினாள்.

“இதுக்கா டீச்சரம்மா நான் டப்பு குட்து போன் போட்டேன்?” என்றாள், ஜன்னலில் நின்ற கன்னியம்மா.

சாலமோன் விடவில்லை. “எப்டியோ பேச்சு கெளம்பிட்ச்சு. நீயும் கெளம்பு.”

“இன்னா பேச்சு? வூட்ல ஆம்பள கீறான்னு. திருடன் காதுலயும் அதான வுழுந்திருக்கும்? நீ செருப்ப வுட்டுட்டுப் போனதும் அதுக்குத்தான?”

 டெம்போ காலியாகத் திரும்பியது.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் டீச்சரின் செல்போனுக்கு மெசேஜ் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான் சாலமோன். டீச்சரே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

“யக்கா, பாப்பாவுக்கு பெங்களூர்ல வேல. தனியாதான் இருப்பேன்னு வூடு பாத்துட்டா. சொன்னா கேக்கல. அந்தச் செருப்பு இன்னும் கீதா?”