கோட்டைத் தொட்ட தடம்

தஞ்சாவூரில் நடந்த ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் போட்டி ஒன்றில், பந்து விழுந்த தடம் எது என்று கேட்ட நடுவருக்கு, நான் தெரிந்தே வேறொரு தடத்தைக் காட்டினேன். ஜெயித்திருக்க வேண்டிய ஒரு பையன் அதனால் தோற்றான்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் கிளப்பில் செம்மண் ஆடுகளம் இருந்ததால் போட்டி எங்களுக்குக் கிடைத்தது. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்து வெளியே விழுந்தால் குரல் கொடுப்பது என் வேலை. செம்மண்ணில் பந்து தடம் பதிக்கும். சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்வார்.

பையனுக்கு ஊர் அதிராம்பட்டினம். அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் உலகத் தரவரிசையில் அவனுக்கு முதல் புள்ளி. கிடைக்காவிட்டால் ராக்கெட்டை வைத்துவிட்டு ஷார்ஜாவில் தந்தையின் கடைக்குப் போக வேண்டும். கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டாவது செட்டில் நான் 'அவுட்' சொன்ன பந்து ஒன்றை, நடுவர் தடம் பார்த்து, உள்ளேதான் விழுந்தது என்று மாற்றிச் சொன்னார். பின்னாலிருந்து எங்கள் கிளப் ஆள் ஒருவர், "சாருக்கு வெயில்ல கண்ணு கூசுது, ஒரு இளநீ குடுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசி செட். பையன் ஜெயிக்க ஒரே பாயின்ட். அவன் ஓங்கி அடித்த பந்து என் காலடியில் விழுந்தது. அவசரத்தில் "அவுட்" என்று கத்திவிட்டேன். குனிந்து பார்த்தால், தடம் கோட்டின் ஓரத்தைத் தொட்டிருந்தது. நடுவர் இறங்கி வந்தார். அந்தத் தடத்துக்கு நாலு விரல் தள்ளி, கோட்டுக்கு வெளியே, முந்தைய பந்தின் தடம் ஒன்று இருந்தது.

"எது சார்?"

நான் வெளியே இருந்ததைக் காட்டினேன்.

எதிராளியின் பக்கத்துக்கு ஆட்டக்காரர் வரக் கூடாது என்பது விதி. பையன் வலையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினான். "அது பழைய மார்க் சார்! இன்னும் உள்ள பாருங்க சார்!"

நடுவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஷூவால் மண்ணைத் தேய்த்துவிட்டு ஏறிப் போனார். அதற்குப் பிறகு பையன் அடித்த எதுவும் உள்ளே விழவில்லை.

மறுநாள் காலை போட்டித் தலைமை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். முடிவை மாற்ற வழியில்லை என்றார். இனிமேல் நிற்க வேண்டாம் என்று என்னை அனுப்பிவிட்டார். பஸ் பிடித்து அதிராம்பட்டினம் போனேன்.

அவன் உம்மா தேநீர் கொடுத்தார். நான் சொல்லி முடித்தபோது அந்தக் கோப்பை ஆறியிருந்தது. பையன் கோபப்படவில்லை. "இத என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. வாப்பாகிட்ட சொல்லுங்க. தோத்துட்டு சாக்கு சொல்றேங்கறாரு."

போனைப் போட்டு என் கையில் கொடுத்தான். பார்த்திராத மனிதரிடம், அவர் மனைவியும் மகனும் எதிரே இருக்க, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பக்கம் கடையில் யாரோ பேரம் பேசும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவர், "வயசானவங்க, உங்கள ஒண்ணும் சொல்ல முடியல. அவன்கிட்ட குடுங்க" என்றார்.

மகனுக்கு அவர் இன்னும் ஒரு வருடம் கொடுத்தார். ஊர் ஊராகப் போய் ஆடினான். புள்ளி கிடைக்கவில்லை. ஒருமுறை தகுதி ஆட்டங்களைத் தாண்டி முதன்மைச் சுற்று வரை வந்து, முதல் ஆட்டத்திலேயே சுலபமாகத் தோற்றான். நான் கெடுத்த அந்த நாள் திரும்ப வரவேயில்லை.

ஷார்ஜா கிளம்பிய அன்று விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இந்த வருஷம் தோத்ததெல்லாம் நானா தோத்தது சார். அந்த மட்டும் நிம்மதியாப் போறேன்" என்றான். பிறகு, "உம்மா உங்கள விசாரிச்சாங்க. அன்னிக்கு டீ குடிக்காமயே போயிட்டீங்களாம்" என்றான்.