சிவப்பு ஸ்வெட்டரின் கை

முதலில் நான் பார்த்தது அவள் முகத்தை அல்ல. அவள் போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரின் கையிலிருந்து தொங்கிய ஒரு நூலைத்தான்.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் வேலை செய்தால் கண் அப்படித்தான் ஆகிவிடும். பனியனை விரித்ததும் எங்கே பிசிறு தொங்குகிறது என்று தேடும். கை தானாகக் கத்தரியை எடுக்கும்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்த முதல் வருடம் அது. யாரோடும் பேச மாட்டேன். பக்கத்து ஸ்டூல் ரஹ்மத்தக்கா மட்டும் விடாமல் பேச்சுக் கொடுப்பார். பக்கத்து ஏரியா ராயபுரத்திலிருந்து டிபன் பாக்ஸோடு போனையும் கொண்டு வருவார். அதில் அவர் மகள் ஏற்றிக் கொடுத்த ஜப்பான் அனிமேஷன் படம் ஒன்று இருந்தது.

சாப்பாட்டு நேரம் அரை மணி. ஆறு மதியம், ஆறு துண்டாக அதைப் பார்த்து முடித்தோம். படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷ் சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படித்து, அக்காவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அதுவரை நான் வாய் திறந்து பேசியது அந்த ஆறு மதியம்தான்.

ஒரு மலையூரை மூடுபனி விழுங்கிவிடுகிறது. பனிக்குள் போனவர்களுக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துவிடும். நான் முதலில் சொன்ன அந்தப் பெண் தன் சிவப்பு ஸ்வெட்டரின் கையைப் பிரித்து, நூலின் ஒரு முனையை ஊர் மரத்தில் கட்டிவிட்டு உள்ளே போகிறாள். ஒவ்வொருவராக நூலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். ஸ்வெட்டர் அவள் அம்மா பின்னியது. அம்மாவும் பனிக்குள்தான் எங்கோ இருக்கிறாள்.

நூல் தீர்ந்துகொண்டே வருவதைப் பற்றிப் படத்தில் ஒருவர்கூடப் பேசுவதில்லை. ஸ்வெட்டர் கை மட்டும் முழங்கை வரை... அப்புறம் தோள் வரை... குட்டையாகிக்கொண்டே போகும். காற்றடித்தால் அந்த நூல் துடிக்கும். மழை பட்டால் கனத்துத் தொங்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக, அந்த ஒற்றை நூலை வரைந்திருக்கிறார். நாங்கள் தினமும் கூடை கூடையாக வெட்டிப் போடுகிறோமே, அதில் ஒன்றை.

கடைசி மதியம் அக்காவின் சோறு அப்படியே இருந்தது.

"பொம்மப் படம்னு சொல்லீட்டு இப்புடி அழ வெக்கறாங்களே கண்ணு," என்று முந்தானையில் மூக்கைத் துடைத்தார்.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. பிரிண்டிங்கிலிருந்து வந்த முதல் கட்டை அவிழ்த்தால்... அவளேதான். பனிக்கு முன்னால் நிற்கிறாள். மணிக்கட்டிலிருந்து நூல் பறக்கிறது.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அரை நிமிடம்தான்.

"ஏனுங்ண்ணா, இங்க வந்து பாருங்க," என்று ரஹ்மத்தக்கா இன்சார்ஜைக் கூப்பிட்டார். "பொம்ம கையிலயே பிசிறு தொங்குதுங்க."

டேபிளே சிரித்தது. இன்சார்ஜ் ஒரு பீஸை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ஆர்டர் குடுத்த பையர் பாத்தா மொத்த லாட்டையும் திருப்பிருவான். பிரிண்டிங் ஸ்கிரீன்ல அந்தக் கோட்ட அடைக்கச் சொல்லீர்றேன். மிச்சமெல்லாம் சுத்தமா வந்துரும்."

"அக்கா... இது அந்தப் படம்," என்றேன் மெதுவாக.

"தெரியுது கண்ணு. படத்துல தொங்குனா தொங்கட்டும். பீஸ்ல தொங்கக்கூடாதில்ல?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எங்கள் வேலை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. கதை தெரியாதவர் சிரித்திருந்தால் விட்டிருப்பேன். அந்த நூலுக்காகச் சோற்றை விட்டுவிட்டு அழுதவர் இவர். அந்தக் கதையை ஒவ்வொரு வார்த்தையாக நான்தான் இவர் காதில் போட்டேன். நூல் இல்லாவிட்டால் அவள் யாரோ ஒரு பெண். பனிக்குள் போன ஒருவர்கூடத் திரும்பி வர மாட்டார். இது டேபிளில் இருந்த இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் சிரிக்கிறார். இன்னொருத்தி மெதுவாக ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

இப்போது சொந்தமாகப் போன் இருக்கிறது. எத்தனையோ படம் ஓடவிட்டுப் பார்க்கிறேன், பாதியில் மாற்றுகிறேன். மறுநாள் மதியம் வரட்டும் என்று எதற்கும் காத்திருப்பதில்லை. அன்றைய கோபம் மட்டும் இன்னும் சூடாகவே இருக்கிறது.

அன்று, பிரிண்டிங்குக்குச் சொல்ல இன்சார்ஜ் போனை எடுத்தார்.

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். அக்காவைக் கேட்காமலே அவர் பையிலிருந்து போனை எடுத்து, அந்தப் பெண் மரத்தில் முதல் முடிச்சைப் போடும் இடம் வரை படத்தை ஓட்டி, இன்சார்ஜ் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"போன வைங்கண்ணா," என்றேன். "மொதல்ல இதப் பாருங்க."