வடக்கு வாசல் காவலருக்காக எடுத்த லீவு

அந்தப் படத்தொடரின் முதல் பாகம் வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஏழாவதும் கடைசியுமான பாகம் வந்தபோது எனக்குக் காதோரம் நரைத்திருந்தது. அதை மறைக்கும் முயற்சியையும் கைவிட்டிருந்தேன். நடுவில் கல்யாணம் ஆனது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எல்லாப் பாகங்களையும் தூத்துக்குடியிலேயே, முதல் நாள் காலைக் காட்சியில், தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். ஆங்கிலத்தில் பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. பார்த்தேன். நன்றாக இல்லை.

கதை பெரிது. சுருக்கமாகச் சொன்னால், மலைமேல் ஒரு கோட்டை, அதற்கு நான்கு வாசல்கள், வெளியே நிழல்களின் படை, உள்ளே அரியணைக்காகக் காத்திருக்கும் ஓர் இளவரசி. எல்லோருக்கும் இளவரசியைப் பிடித்தது. எனக்கு வடக்கு வாசல் காவலரைப் பிடித்தது. ஒரு பாகத்தில் அவருக்கு இரண்டு மூன்று காட்சிகள் இருந்தால் அதிகம். கனத்த உடம்பு, ஒரு பக்கம் சரிந்த தோள். யார் வந்தாலும் ஈட்டியைக் குறுக்கே வைத்து, யார் என்று கேட்பார். பதில் சொன்னதும் ஈட்டியை எடுத்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்பார்.

ஆங்கிலத்தில் அவர் சொல்வது வேறு. வானம் உனக்குத் தெளிவாக இருக்கட்டும் என்பது மாதிரி ஏதோ வாழ்த்து. டப்பிங் எழுதியவர் வாயசைவுக்குப் பொருந்துகிறது என்று இதைப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த ராஜ்ஜியத்தில் வேறு யாரும் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்களில் ஒருவர்கூட உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால் அவர் என் ஆள் ஆகிவிட்டார்.

கடைசிப் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். இடைவேளை வரைக்கும் காவலர் வரவில்லை. பெரிய காட்சிக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இடைவேளை முடிந்து ஆட்கள் பாப்கார்னோடு இருக்கையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு வீரன் மூச்சிரைக்க அரசவைக்குள் ஓடிவந்தான்.

"வடக்கு வாசல் வீழ்ந்தது. காவலர் இல்லை" என்றான்.

இளவரசி தலையை அசைத்தாள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள். அடுத்த காட்சியில் ஒரு பறவை, வீடளவு பெரியது, நெருப்பைக் கக்கியது.

சும்மா சொல்லியிருப்பார்கள், முடிவில் புகைக்குள்ளிருந்து வருவார் என்று காத்திருந்தேன். புகை வந்தது. அதற்குள்ளிருந்து வேறு யார் யாரோ வந்தார்கள். இளவரசி முடி சூடினாள். பெயர்கள் ஓடி முடிந்து, பெருக்குகிற அம்மா வந்து, "படம் முடிஞ்சிட்டும்மா" என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். என் கணவர் விசைப்படகு எஞ்சினுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். மதியம் சாப்பிட வந்தவர், விளக்கு போடாத அறையில் என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்ன ஏளா, படம் நல்லா இல்லியா?"

"காவலர் போயிட்டாரு."

அவர் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து என் வாயால் எல்லாவற்றையும் கேட்டவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எப்படி?"

"ஒரு வார்த்தையில."

அவர் எழுந்துபோய், தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் அழவில்லை. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது. அவர் வைத்த தட்டு அப்படியே இருந்தது. மதியத்துக்கு மேல் அலுவலகத்துக்குப் போக வேண்டியவள், போகவில்லை. மறுநாள் சனிக்கிழமையும் போகவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பை என் கணவர்தான் எடுத்தார்.

"அவ துக்கத்துல இருக்கா, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அன்று மதியம் முதலாளி அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே, எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் அக்கா. அக்காவுக்குச் சொந்த ஊர் பெரியதாழை என்ற கடற்கரை மீனவர் ஊர், தூத்துக்குடியில் வாக்கப்பட்டவர். இருவரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சியின் கண் சுவரில் மாலை போட்ட படத்தைத் தேடியது. நாள்காட்டி மட்டும் இருந்தது.

நான் எழுந்து வந்து நின்றேன். தலை வாராமல் இருந்தேன். அது அவர்களுடைய சந்தேகத்தை உறுதி செய்தது.

"காபி போடட்டுமா அண்ணாச்சி?"

"சாவு வீட்டுல காபி எதுக்கும்மா. நீ இரு." அண்ணாச்சி என் கணவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "தவறுனவரு எந்த வகையில சொந்தம்?"

"சொந்தம்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. ரொம்ப வருசப் பழக்கம்."

"எந்த ஊரு?"

"வெளிநாடு."

"அப்படியா. கப்பல்லயா வேலை?"

"இல்ல. வாசல்ல. காவல்."

அண்ணாச்சி மரியாதையோடு தலையாட்டினார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அவரு சினிமாவுல வாரவரு" என்றேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். அலுவலகத்தில் முந்திரிக்கொட்டை கன்டெய்னர் ஒன்று கஸ்டம்ஸில் நின்றுகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நடிகரு செத்துட்டாவளா?"

"நடிகரு நல்லாத்தான் இருக்காவ. காவலருதான்."

"அப்ப காபி குடிக்கலாம்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, சரி, எப்படித்தான் செத்தான் என்று கேட்டார். சொன்னேன். அவர் யோசித்தார்.

"அந்த நடிகன் கால்ஷீட் குடுத்திருக்க மாட்டான். வேற ஒண்ணும் இல்ல."

இதை நான் யோசிக்கவில்லை. சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆறுதலாக இல்லை.

அக்கா காபியைத் தொடவில்லை. இப்போது என்னைப் பார்த்து, "வந்து சொன்னவன் யாரு ஏளா?" என்றார்.

"தெரியலக்கா. ஒரு வீரன். அவனுக்குப் பேருகூட இல்ல."

"ஓடியா வந்தான்?"

"ஆமா. மூச்சு வாங்குச்சு."

"சொல்லிட்டு?"

"போயிட்டான்."

அக்கா டம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாவ" என்றார். "நான் பள்ளிக்கூடத்துல படிக்கேன் அப்ப. எங்கம்மா முத்தத்துல அரிசி களைஞ்சிட்டு இருக்கா. ஒருத்தன் ஓடியாந்தான். வள்ளம் கவுந்துட்டு, ஒங்க வீட்டுக்காரரு இல்லன்னான். இல்லன்னா என்னலே அர்த்தம்னு எங்கம்மா கேக்கதுக்குள்ள போயிட்டான். அவன் இன்னும் ரெண்டு வீட்டுல சொல்லணும்லா."

அக்காவின் அப்பா கடலோடு போய்விட்டவர் என்பது எனக்குத் தெரியும். பல வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். மீன் விலையிலிருந்து மாமியார் வரை பேசாத விஷயம் இல்லை. இதைச் சொன்னதில்லை.

"கெடைச்சாவளா?" என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. வள்ளம்தான் கெடைச்சுது."

அண்ணாச்சி தன் டம்ளரைக் கீழே வைத்தார். கடைசியில் அண்ணாச்சி எழுந்தார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வாசல்படி வரைக்கும் போனவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "போயிட்டு வாரேம்மா, திங்கக்கெழமை வந்துரு" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்தப் படம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடித்து, அதற்குக் கட்டிய பட்டுச்சேலையோடு அக்கா நேராகத் தியேட்டருக்கு வந்தார். அவர் தியேட்டருக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன. முதல் பாதி முழுக்க யார் யார், யாருக்கு யார் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இளவரசிக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகாது என்று இடைவேளைக்கு முன்பே சொல்லிவிட்டார். அது சரியாகவே இருந்தது.

இடைவேளை முடிந்தது. வீரன் ஓடிவந்தான். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். வடக்கு வாசல் வீழ்ந்தது, காவலர் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

"ஏலே, நில்லு" என்றார் அக்கா. சத்தமாகத்தான் சொன்னார். "ஒழுங்கா சொல்லிட்டுப் போ."

முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வீரன் நிற்கவில்லை. இளவரசி வரைபடத்தைப் பார்த்தாள்.

அக்கா மடியில் இருந்த பாப்கார்னை அதற்குப் பிறகு தொடவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதற்குள் அந்தப் பெரிய பறவை வந்து நெருப்பைக் கக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பறவையைக் கவனமாகப் பார்த்தார். அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று தேடியிருப்பார்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. ஆட்டோவுக்காக நின்றோம்.

"ஒடம்பக் காட்டல" என்றார் அக்கா.

"காட்டல."

"பெறவு எப்படி செத்துட்டான்னு சொல்லுத?"

"இல்லன்னு சொன்னானேக்கா."

"வாசல்ல இல்லன்னுதான சொன்னான். வேற எங்கனயாவது இருப்பான்."

"இதுதான் கடைசிப் படம்க்கா. இனிமே கிடையாது."

"படம் முடிஞ்சா அவனுக்கு என்ன?"

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன். "ஒங்க அப்பாவையும் அப்படி நெனச்சீங்களாக்கா?"

அக்கா கோபப்படவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"நெனச்சோம். எறந்தவங்களுக்கு வைக்கிற பூசைகூட ரொம்ப நாளு வைக்கல. அவரு வரல. அதுக்காவ இவனும் வரக் கூடாதுன்னு இருக்கா?"

ஆட்டோ வந்தது. வீடு வந்ததும் எனக்கு நன்றாகப் பசித்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அண்ணாச்சி என் மேசைக்கு வந்து, "அந்தப் படத்துல இன்னும் பாகம் இருக்கா?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். லீவைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அக்கா பழைய பாகங்களை மதிய இடைவேளையில் செல்போனில் பார்க்க ஆரம்பித்தார். ஆறாவதிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறார். முதலிலிருந்து பார்த்தால்தான் புரியும் என்று எவ்வளவோ சொன்னேன்.

"பின்னாலருந்து பார்த்தா போனவங்க ஒவ்வொருத்தரா வந்துருதாங்கல்லா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இந்த வாரம் நான்காம் பாகம் ஓடுகிறது. அதில் ஒரு காட்சி உண்டு. பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து சனம் தப்பி ஓடிவருகிறது. கதவை அடைக்கச் சொல்லி அரசவையிலிருந்து உத்தரவு வருகிறது. காவலர் உத்தரவைக் கேட்டுக்கொள்கிறார். சரி என்கிறார். அடைக்காமல் நிற்கிறார். தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அக்கா டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு ஃபைலோடு வந்து, மரக்கட்டை கன்டெய்னருக்கு பில் போட வேண்டும் என்றார். அக்கா தலையைத் தூக்கவில்லை.

"ஒரு நிமிசம் நில்லுங்க அண்ணாச்சி" என்றார். "இன்னும் கொஞ்சம் பேரு உள்ள வரணும்."

அண்ணாச்சி ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.