கட்டைவிரலில் ஒட்டிய சாயம்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலுள்ள என் செருப்புக் கடைக்குத் தொந்தி பெருத்த ஒருவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். பேசும்போதும் அவர் வாயிலிருந்து பல் குத்தும் குச்சி இறங்கவில்லை. கால் கட்டைவிரல் நீலமாக இருந்தது.

"உன் செருப்புச் சாயம் ஒட்டிக்கிச்சு லா, எவ்வளவு தேய்ச்சாலும் போகல!"

அவர் போட்டிருந்த நீலச் செருப்பை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினேன். துணி வெள்ளையாகவே இருந்தது. விரலைத் தொட்டதும் அலறினார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே" என்றேன்.

அடுத்த மாதம் விரலில் கட்டோடு இருவரும் வந்தார்கள்.

"ரத்தக்குழாய்ல படிஞ்ச கொலஸ்ட்ரால் உடைஞ்சு விரல்ல வந்து அடைச்சிருச்சாம். விரல் தப்பிச்சதே பெரிசு. தினமும் பிரியாணின்னு இவ முன்னாடியே டாக்டர்கிட்ட ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. செருப்புச் சாயம் போகல தம்பி, என் சாயம்தான் வெளுத்துப்போச்சு."

"வெறும் ஓட்ஸ்தான் சாப்பிடறேன்னு அஞ்சு வருஷமா சொன்னாரு" என்று மனைவி முறைத்தார்.

ஓட்ஸ் சாப்பிடுகிறவருக்குப் பல்குச்சி எதற்கென்று அந்த அம்மா ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.